சாய்ந்து நின்ற பாய்மரங்கள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் தலையை நேராக வைத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்!

நம் குழந்தைகள் கண் அறுவை மருத்துவர் ஹிஸ்கே ரீட்ஸ்மா அவர்களுக்கு நீண்ட பேச்சு பிடிக்காது. "காபி ஆறுது, முடிப்பா!" என்று எத்தனை கூட்டங்களில் என்னை உட்கார வைத்தார்! இன்று கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன். யார் தடுப்பது?

ஏழு வயது ஆல்கே தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி வந்தாள். ஒரு கண்ணில் ஒரு தசை பலவீனம்; தலையைச் சாய்க்காவிட்டால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். பிறவிக் குறை என்றால், எதிர்ப்பக்கம் இழுக்கும் தசையைத் தளர்த்தினால் போதும். புதிதாக வந்தது என்றால்? மூளையில் கட்டியோ என்று பயப்பட வேண்டும்! அதனால்தான், தலை அன்றும் சாய்ந்திருந்ததா என்று பார்க்கப் பழைய புகைப்படங்களைக் கேட்போம். படகோட்டியான அவள் அப்பா சிட்ஸே கொண்டுவந்த எல்லாப் படங்களிலும் அவள் தலை நேராக இருந்தது. அப்படியென்றால் இது புதிதாக வந்தது! அவள் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படங்களைப் புரட்டிய ஹிஸ்கே திடீரென்று சிரித்தார்.

"ஏம்பா சிட்ஸே, உங்க ஏரியில மட்டும் பாய்மரமெல்லாம் சாஞ்சே நிக்குது? தண்ணி கூட சரிவா இருக்கு!"

சிட்ஸேவுக்குக் காது சிவந்துவிட்டது. "சொந்தக்காரங்க ஏதாவது சொல்வாங்கன்னு... புள்ள நேரா தெரியட்டும்னு கேமராவைச் சாய்ச்சுப் பிடிச்சேன், டாக்டர்."

"எப்போலேர்ந்து?"

"பொறந்ததுலேர்ந்தே."

"அட மடையா! உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கலாம் போல இருக்கே!"

கட்டிப் பிடித்தும் கொண்டார்! மற்ற சோதனைகளும் பிறவிக் குறை என்றே சொல்லின. அறுவை முடிந்து சில வாரங்களில் ஆல்கேயின் தலை நிமிர்ந்தது. சிட்ஸே படமெடுக்க வந்தபோது, "இப்பவாவது நேரா பிடிய்யா!" என்று அதட்டினார் ஹிஸ்கே. அப்படியும் கோணலாகத்தான் எடுத்தார் மனிதர். பழக்கம் விடுமா?

அன்பர்களே, இனி அறுவை அறையில் அவர் இல்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று அறுவை செய்தபடியே யார் என்னைத் திட்டுவார்கள்?

இங்கே வரும்போது வாசலில் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகனுக்குத் திங்கட்கிழமை ஹிஸ்கே அறுவை செய்வதாக இருந்தது. "அவங்களே போயிட்டாங்களே, இனி எம்புள்ளைக்குத் தள்ளிப் போயிடுமா டாக்டர்?" என்று கேட்டார். அவரை உள்ளே அழைத்து வந்து உட்கார வைத்தேன்.

அம்மா, இந்த அவையின் முன் சொல்கிறேன். தள்ளிப் போகாது. நான் செய்கிறேன். திங்கள் காலை எட்டு மணிக்கு, பிள்ளைக்குச் சாப்பிட எதுவும் கொடுக்காமல் கூட்டி வாருங்கள்.