இரவல் குரல்

காலையில் எழுந்ததும் அடுப்பில் தண்ணீர் வைப்பேன். அலமாரியிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைப்பேன். டீ குடித்துக்கொண்டே சட்டையைத் தேய்ப்பேன். முன்பெல்லாம் காலர் சுருங்கினால் மனைவி வந்து இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கிக்கொள்வாள். இப்போது சுருங்கினால் சுருங்கியதுதான். மற்றபடி என் காலைகள் மாறவில்லை.

நீங்கள் கவிதைச் சங்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது நாங்கள் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. அச்சகத்துக்கு மேலே ஓர் அறை, மடக்கு நாற்காலிகள், ஒரு பக்கம் மட்டும் சுற்றும் மின்விசிறி. ஞாயிறு மாலைகளில் கூடுவார்கள். நடத்துவது ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். எல்லாருக்கும் அவர் 'சிஸ்டர்'தான். லிப்ட் மெக்கானிக் ஒருவர் வருவார். சொல்லுக்குச் சொல் நின்று நின்று வாசிப்பதால் அவரைக் 'காற்புள்ளி' என்று கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பார். என் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சங்கத்தில் இருந்தாள்.

நான் கவிதை எழுதுபவன் அல்ல. காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளை விசாரிப்பவன். வண்டி தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று கண்டுபிடிப்பது என் வேலை. சங்கத்திலிருந்து அவள் முகம் தெளிந்து வருவாள். வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. எதனால் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். அவ்வளவுதான். அவளைக் கூட்டிப்போய், கூட்டிவரத் தொடங்கினேன். கடைசி வரிசையில் உட்காருவேன்.

"என்ன தம்பி, இன்னிக்கும் காவலா?" என்பார் சிஸ்டர்.

"கிட்ட வாங்க தம்பி. கவிதை என்ன தொத்து வியாதியா? உங்க வீட்டம்மா இவ்ளோ நாளா வராங்க, நாங்க யாரும் திருந்தலையே," என்பார் காற்புள்ளி. எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். யார் சொன்னதற்கு அதிகம் சிரிக்கிறாள் என்று கவனிப்பேன்.

ஒரு ஞாயிறு காற்புள்ளி எழுந்து ஒரு கவிதை வாசித்தார்.

தூங்கும்போது
ஒரு கையைக் கன்னத்துக்குக் கொடுத்துவிட்டு
மறு கையை எனக்கென்று வைத்திருக்கிறாள்.
எடுத்துக்கொள்ளத்தான்
மறந்துபோகிறேன்.

என் மனைவி அப்படித்தான் தூங்குவாள். ஒரு கை கன்னத்தின் கீழ், மறு கை விரித்தபடி படுக்கையின் என் பக்கம். வாசித்து முடித்ததும் எல்லாரும் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் தலைகுனிந்து புடவை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. ஒரு கோப்பு திறந்துகொண்டது போல இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், அதை எழுதியது யார் என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"சொல்லக் கூடாதுங்க. இன்னிக்கு மட்டும் அப்படி ஒரு விதி. ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர்தான் வாசிக்கணும்." பிறகு என் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை என்றேன். அவள் வண்டியின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்படி ஒரு விதி இருப்பது அவர்களுக்கு எவ்வளவு வசதி என்று யோசித்தபடி ஓட்டினேன்.

பிறகு கண்கொத்திப் பாம்பாக இருந்தேன். அவள் கடை இருக்கும் கட்டடத்தின் லிப்டைப் பார்த்துக்கொள்வது யார் என்று விசாரித்தேன். காற்புள்ளி இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது. ஆதாரம் கிடைக்காத கோரிக்கைகளில் எங்களுக்கு ஒரே வழிதான் உண்டு. சம்பந்தப்பட்டவர் தப்பிக்க முடியாத நேரத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும்.

அவளுக்குக் குளிர்காலத்தில் மூச்சுத்திணறல் வரும். இன்ஹேலர் ஒன்று கண்ணாடி அலமாரியில் இருக்கும், இன்னொன்று கைப்பையில். இரண்டையும் எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் எடுத்தேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த வாரம் முழுக்க அவை என்னிடம்தான் இருந்தன.

ஒருநாள் காலையில் திணறல் வந்தது. அலமாரியைத் திறந்தாள். பையைக் கவிழ்த்தாள். நான் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, ஒன்றை வெளியே எடுத்துக் காட்டினேன். கை நீட்டினாள். அந்தக் கவிதையை எழுதியது யார் என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. பதில் சொன்னதும் கொடுப்பதாகத்தான் இருந்தேன், இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சொன்னாள். மிகச் சுருக்கமாகச் சொன்னாள். என் அனுபவத்தில் உண்மை பேசுகிறவர்கள் விவரம் சொல்வார்கள், சுருக்கமாக முடிப்பவர்கள் மறைப்பார்கள். விவரத்துக்காகக் காத்திருந்தேன். அவளிடம் மூச்சு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பழக்கம். பிறகு இன்ஹேலரை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். அதற்குள் அது தேவையில்லாமல் போயிருந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

காரியங்கள் முடிந்த பிறகு சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுச் சொன்னார்:

"வருஷத்துக்கு ஒருநாள் 'இரவல் குரல்'னு வைப்போம் தம்பி. சீட்டுக் குலுக்கி யார் பேரு வருதோ, அவங்களாவே மாறி எழுதணும். எழுதினத வேற ஒருத்தர் வாசிக்கணும். நீங்க போன் பேச வெளிய போயிருந்தீங்க. சும்மா வந்து உக்காந்திருக்காரேன்னு உங்க பேரையும் விளையாட்டா எழுதிப் போட்டேன். அது போய் அவ கையிலயே விழுந்துச்சு. என்ன சிரிப்பு சிரிச்சா. 'அவரு பேசவே மாட்டாரு சிஸ்டர், அவருக்குப் பதிலா நானே பேசிட்டுப் போறேன்'னா. எங்களுக்கெல்லாம் கேட்டதுமே புரிஞ்சுபோச்சு. உங்களுக்கும் புரிஞ்சிருக்கும்னு நெனச்சோம்."

சிஸ்டருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவர் என் பெயரை எழுதிப் போடாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அதையும் நீங்கள் விசாரிக்கலாம்.

அவர் வந்தது வேறு காரியத்துக்கு. சங்கத்தில் யாராவது இறந்துபோனால், அவர் கடைசியாகச் சொன்னதை முதல் வரியாக வைத்து எல்லாரும் ஒரு கவிதை எழுதுவார்களாம். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். 'டீ ஆறிடப்போகுது' என்றேன். சட்டென்று வாயில் வந்தது. அடுத்த ஞாயிறு அத்தனை பேரும் அந்த வரியில் தொடங்கினார்கள். காற்புள்ளி பாதியில் நின்றார். அவர் வழக்கமாக நிற்பதுதான் என்று காத்திருந்தோம். அவர் தொடரவே இல்லை, அழுதுகொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. சொல்லப்படாத ஒரு வரிக்கு ஓர் அறையே அழுவது ஒழுங்காகப் படவில்லை, அதனால்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். குற்ற உணர்ச்சி என்று எழுத வேண்டாம். நான் அவள்மீது கைகூட வைக்கவில்லை. ஒரு பதிவைத் திருத்த வந்திருக்கிறேன்.

திருத்திக்கொள்ளுங்கள். அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது:

"நான்தாங்க. நம்புங்க."