நான்கு மூலைப் பாய்

செஞ்சி பஜாரில் எங்கள் கடைக் கயிறு அறுந்துபோனது என்று இதுவரை ஒருவரும் வந்து நின்றதில்லை. மாடு கட்டுகிறவர்கள், லாரிக்கு லோடு கட்டுகிறவர்கள், கிணற்றில் மோட்டார் இறக்குகிறவர்கள், எல்லோருக்கும் நான் கொடுத்த கயிறுதான். அதனால்தான் வந்தேன் மேடம். பாய்மரக் கயிறு அறுந்து கட்டை விழுந்ததில் மரணம் என்று எஃப்.ஐ.ஆரில் நீங்கள் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். கயிறு அறுந்துபோகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் யாரோ சொன்னதை எழுதிக்கொண்டீர்கள், அப்போது திருத்த வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. படகு இன்னும் ரைஸ்மில் களத்தில்தான் நிற்கிறது. போய்ப் பாருங்கள், கயிறு முழுசாக இருக்கும்.

என் பெயர் தனசேகரன். கயிறும் தார்ப்பாயும் விற்கிறேன், நெல் மூட்டைக்குப் போர்த்தும் தார்ப்பாய் தைத்தும் கொடுக்கிறேன். இறந்துபோனவள் என் மகள் அனுஷா. எனக்கும் ஜெயத்துக்கும் ஒரே பிள்ளை. புதுச்சேரியில் படிக்கும்போது பாய்ப்படகு ஓட்டப் பழகிக்கொண்டாள். படிப்பு முடிந்து வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். அந்தச் சம்பளத்தில் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கினாள். கோவாவில் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. கரையை ஒட்டியே, துறைமுகம் துறைமுகமாக, இந்தப் படகிலேயே போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கிவிடுவதாக ஏற்பாடு.

ஊரில் நல்ல வேடிக்கை. "இன்னா முதலாளி, ராஜகிரி மலைக்கு அந்தாண்ட கடலு வந்துடுச்சா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். நானும் சிரிப்பேன். படகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து களத்தில் நிறுத்த இடம் கேட்டு வாங்கியதே நான்தான். பெண் பிள்ளைக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் அப்பாவைப் பார்த்ததில்லை என்றார்கள். அது உண்மைதான். மூன்று இடத்திலிருந்து மாப்பிள்ளை வந்தது. மூன்றையும் நான் தட்டிக்கழித்தேன். ஒருவனுக்குக் கோபம் அதிகம், ஒருவன் வீட்டில் மாமியார் சரியில்லை, இன்னொருவனிடம் எந்தக் குறையும் இல்லை, ஆனால் அவன் ஓசூரில் இருந்தான்.

படகு வந்தபோது அதில் அலுமினியக் கம்பமும் மூன்று மூலைப் பாயும் இருந்தன. இந்தக் காலத்துப் படகுகள் எல்லாம் அப்படித்தான், ஒரே கயிற்றை இழுத்தால் பாய் ஏறிவிடும். அடியில் ஒரு விரிசல், அதை அடைத்தால் போதும், ஒரு வாரத்தில் கிளம்பலாம் என்றாள். ஒரு வாரம் எனக்குப் போதாது. கடையில் உட்கார்ந்து போனில் படகு வீடியோக்களாகப் பார்த்தேன். அதில் கிடைத்ததுதான் பழைய காலத்துப் பாய். நான்கு மூலை. மரத்தில் பாய்மரம், பாயின் கீழ் விளிம்புக்கு ஒரு கட்டை, மேல் விளிம்பைச் சாய்வாகத் தூக்கி நிறுத்த ஒரு கட்டை. அந்த மேல்கட்டைக்கு இரண்டு கயிறு. பாய்மரத்தை ஒட்டிய முனைக்கு ஒன்று, வெளிமுனைக்கு ஒன்று. எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் வேலை இருந்தது.

"அலுமினியம் உப்புக்காத்துல அரிச்சிடும் கண்ணு" என்றேன். "மரம்னா எந்தக் கரையில ஒடிஞ்சாலும் ஒரு ஆசாரி கெடைப்பான். நாலு மூல பாயி, நானே தச்சித் தரேன்."

"நைனா, இதெல்லாம் உனுக்கு யாரு சொன்னது?" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கும் அந்தப் பழைய பாய்மேல் ஆசை இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

அனந்தபுரத்திலிருந்து தேவேந்திரன் ஆசாரியை வரவழைத்தேன். பாய்மரத்துக்கு வாங்கிய மரம் ஈரமாக இருந்தது. ஈர மரமாகப் பார்த்துத்தான் வாங்கினேன். அது காய ஒரு கோடை போனது. மேல்கட்டை தலைக்கு மேலே போகிற சாமான், லேசாக இருக்க வேண்டும் என்றாள் அனுஷா. நான் வேங்கையில் போட்டேன். அப்போது என் மனதில் வேறொன்றும் இல்லை, கனமான மரத்தை இழைக்க நாளாகும் என்பதுதான். பனமலை ஏரியில் ஒருமுறை விட்டுப் பார்க்கலாம் என்றாள். தண்ணீர் வற்றிவிட்டது என்றேன். அவள் போய்ப் பார்க்கவில்லை. நான் சொன்னால் நம்புவாள்.

பாயை நானே தைத்தேன். தார்ப்பாய் தட்டையாக இருக்க வேண்டும், படகுப் பாய்க்குக் காற்று நிற்க நடுவில் வயிறு வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தட்டையாகவே தைத்துக் கொடுத்தேன். அனுஷா சிரித்தாள். "நெல்லுக்குப் போத்துற மாரியே தச்சிருக்கியே நைனா" என்றாள். இரண்டு பேரும் கடைக்குப் பின்னால் செம்மண் நிறத் துணியை மடிமேல் போட்டுக்கொண்டு தையலைப் பிரித்தோம். பிரிக்கும்போது அவள் பேசிக்கொண்டே இருப்பாள். காற்று, அலை, கோவாவில் பார்த்துவைத்த அறை. ஜெயம் காபி கொண்டுவந்து வைப்பாள். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை மேடம். அடுத்த தடவையும் கொஞ்சம் தப்பாகத்தான் தைத்தேன்.

ஆனால் தப்பு செய்வதற்கும் ஒரு எல்லை உண்டு. மரம் காய்ந்துவிட்டது. பாய்க்கு வயிறு வந்துவிட்டது. கப்பிகள் எண்ணெய் போட்டது போல ஓடின. பொங்கல் கழிந்து காற்று நன்றாக இருக்கும், லாரி சொல்லிவிட்டேன் நைனா என்றாள். சரிம்மா என்றேன்.

எங்கள் பக்கம் டிராக்டரோ நெல் அறுக்கும் மெஷினோ எது வாங்கினாலும் பூஜை போடாமல் எடுப்பதில்லை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்போம், வண்டியைச் சுற்றித் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்போம், சொந்தக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்து இன்ஜினை ஓட்டிக் காட்ட வேண்டும். படகுக்கும் அதையே செய்யச் சொன்னேன். பாய் ஏற்றுவது புதுச்சேரியில், தண்ணீரில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். "ஓடாத வண்டிக்கு யாராச்சும் கற்பூரம் காட்டுவாங்களா? பாயி ஏறணும், நீ சுக்கானப் புடிச்சி ஒக்காரணும்" என்றேன். ஜெயமும் அதையே சொன்னாள். அவளுக்கு வேறு எதுவும் தெரியாது, அவளை விசாரிக்க வேண்டியதில்லை.

களத்தில் காலை வெயில். படகைத் தாங்கிய கட்டைகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அனுஷா பின்பக்கம் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்தாள். பாய்மரத்தை ஒட்டிய முனையின் கயிற்றைத் தேவேந்திரன் இழுத்தான். வெளிமுனைக் கயிறு என் கையில். அந்த முனை சுக்கானுக்கு நேர் மேலே வரும். கட்டை மேலே ஏறியது, பாய் விரிந்தது. தேவேந்திரன் தன் கயிற்றை முளையில் கட்டிவிட்டு இறங்கித் தேங்காய் உடைக்கப் போனான். நானும் என் கயிற்றைக் கட்டியிருக்க வேண்டும். கட்டாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணக்கு ஒரு தோள்பட்டை. கயிற்றை விட்டால் கட்டை உட்கார்ந்திருக்கிறவள் தோளில் விழும், எலும்பு முறியும், மாவுக்கட்டு போடுவார்கள். நான் சோறு ஊட்டுவேன். தை மாதத்துக் காற்று போய்விடும், கோவாக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். இதில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை என்று பட்டது.

அப்போது காற்று வந்தது. செஞ்சியில் காலையில் அப்படிக் காற்று வருவது அபூர்வம். பாய் நிறைந்துவிட்டது. அனுஷா சுக்கானை விட்டு எழுந்தாள். "நைனா, மேல பாரேன்" என்றாள். முகத்தை மேலே தூக்கியிருந்தாள். நான் கையைத் திறந்தேன்.

கை வழுக்கியதா என்று கேட்பீர்கள். வழுக்கவில்லை. சின்ன வயதிலிருந்து கயிறு பிடிக்கிற கை. அவள் எழுந்தது தெரியவில்லையா என்றும் கேட்பீர்கள். தெரிந்தது. தோளில் விழாது, தலையில்தான் விழும் என்பதும் தெரிந்தது. எழுந்து நின்றவளைப் பார்த்த பிறகுதான் விட்டேன். அந்த முகத்தைப் பார்த்ததும், அவள் ஏற்கெனவே போய்விட்டாள் என்று தோன்றியது.

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அது உங்களிடம் இருக்கிறது. தேவேந்திரனை விட்டுவிடுங்கள். அவன் கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது.

இன்னும் ஒன்றே ஒன்று. முந்தின நாள் சாயந்திரம் கடையில் கூட்டம் இல்லை. அனுஷா வந்து என் பக்கத்தில் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்தாள். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நைனா, ஒண்ணு கேக்கறேன், நெசம் சொல்லு. நீ வேணாம்னா நான் போவல. கோவத்துல சொல்லல, மெய்யாலுமே போவல. இங்கியே இருந்துடறேன். ஒரு வார்த்த சொல்லு."

"நான் ஏன்மா வேணாங்கப் போறேன்? நல்லபடியா போயிட்டு வா" என்றேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். ஊரில் எத்தனையோ அப்பாக்கள் மகளை வாசலோடு நிறுத்திவைக்கிறார்கள். நான் என் பெண்ணைப் போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.