பன்னிரண்டு புள்ளி

காங்கேசன்துறை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண், பக்கத்தில் இருந்த பெரியவரிடம் போனை நீட்டினார்.

“ஆமி வேலிக்குள்ளை இருக்கிற எங்கடை அஞ்சு பரப்புக் காணி, இதிலை பன்னிரண்டு புள்ளி, அண்ணை. வானத்திலை சுத்திற செய்மதி எடுத்த படம்.”

“எப்ப எடுத்தது?”

“முந்தநாள் காலமை. அஞ்சு நாளைக்கு ஒருக்கால், அதே நேரத்துக்கு மேலாலை போகுது. அது அனுப்பிறதை, அதை விட்ட வெளிநாட்டுக்காரங்கள் திருத்தி இணையத்திலை போடுறாங்கள்.”

“பாக்க ஆரிட்டை அனுமதி எடுத்தனீர்?”

“ஒருத்தரிட்டையும் இல்லை. ஆர் கேட்டாலும் சும்மா குடுக்கிறாங்கள். மேகம் மறைச்ச படத்தைக்கூட எறியாமல் வைச்சிருக்கிறாங்கள்.”

“கெட்டிக்காரர்தான். உந்தப் பச்சை என்ன?”

“எங்கடை மாமரம்.”

பஸ் இராணுவத்தின் கம்பிவேலி ஓரமாகத் திரும்பியது. உள்ளே பற்றைதான் தெரிந்தது.

“முப்பது வருஷமா இந்த வேலியடியிலை நிண்டும், நான் இவ்வளவு பாக்கேல்லை, அண்ணை.”