பாப்பாவின் காலித் தட்டு

ஸ்விட்ச் எங்கயும் ஓடிப்போகாது மாப்பிள்ளை, டெஸ்டரை உள்ள வைங்க. முதல்ல உக்காருங்க. என் மக வேலை முடிஞ்சு வர எட்டு மணி ஆகும், பயப்படாதீங்க. பிள்ளைங்க ரெண்டும் கீழ சைக்கிள் விடுதுங்க.

நான் அதிகம் பேசுற ஆள் இல்லைன்னு உங்களுக்கே தெரியும். வாங்க, சாப்பிட்டீங்களா, அதுக்கு மேல உங்ககிட்ட பேசினதே இல்லை. ஆனா இன்னைக்குக் கேட்டே ஆகணும்.

நீங்க கோவிச்சுக்கிட்டு தெருமுனையில உங்க எலக்ட்ரிக் கடை மாடிக்குப் போனப்புறம், நீங்க பாத்துக்கிட்டிருந்த ராத்திரிச் சமையல் என் தலையில விழுந்துச்சு. தையல்காரனுக்கு அடுப்புல என்ன வேலை, சொல்லுங்க. சின்னவன் பச்சையா எதைப் பாத்தாலும் வாயை இறுக்கிக்குவான். பாப்பா அதுக்கும் மேல. சாதத்துல ஒரு பீன்ஸ் கிடந்தா தட்டையே தள்ளிடுவா. அதனால துணிக்கு லைனிங் வைக்கிற மாதிரி காயை உள்ள ஒளிச்சு வச்சேன். கேரட்டை நூல் நூலா சீவி நூடுல்ஸோட கலந்துட்டேன். பட்டாணி, உருளைக்கிழங்கை வேகவச்சுப் பிசைஞ்சு, கோட்டுப் பித்தான் மாதிரி தட்டிச் சுட்டேன். இன்னொரு காயைத் துருவி முட்டையோட அடிச்சு ஊத்தினேன். எண்ணெய் ஒரே ஸ்பூன்தான்.

சின்னவன் இன்னும் இன்னும்னு கேட்டுத் தின்னான். பாப்பா இருக்காளே, பெரிய மனுஷி, தட்டைத் தூக்கிக்கிட்டு ரூமுக்குப் போயிடுவா. படிச்சுக்கிட்டே சாப்பிடுறேன் தாத்தாங்குவா. திரும்பி வர்ற தட்டுல ஒரு பருக்கை இருக்காது. எனக்குத் தலைகால் புரியலை. அப்புறம் ஒரு ரவுண்டு சைக்கிள் விட்டுட்டு வரேன்னு கிளம்பிடுவா.

என்ன சொன்னீங்க? முட்டையில இருந்தது பூசணின்னு கண்டே பிடிக்க முடியாதா? நெசந்தான். ஆனா பூசணின்னு நான் இன்னும் சொல்லலையே மாப்பிள்ளை.

இருங்க, எந்திரிக்காதீங்க. தண்ணியைக் குடிங்க.

எனக்கு முதல்ல சந்தேகம் வந்தது தட்டு மேல இல்லை, பாவாடை மேல. ஸ்கூல் திறந்தப்போ நான் அளவெடுத்துத் தைச்சது. இப்ப இடுப்புல நிக்காம இறங்குது. ரெண்டு பேருக்கும் ஒரே சட்டிச் சாப்பாடு. அவனுக்குச் சட்டைப் பித்தான் போட முடியலை, இவளுக்கு நான் பாவாடையைப் பிடிச்சுத் தைக்கிறேன். இடிக்குதா இல்லையா? ஜன்னல் வழியா கொட்டுறாளான்னு எட்டிப் பாத்தேன். பூனை ஏதாவது வருதான்னு ஒளிஞ்சு நின்னேன், இந்த வயசுல.

அப்புறந்தான் இந்த டப்பா கண்ணுல பட்டுச்சு. மூடிக் கிளிப்பு உடைஞ்சது, தூக்கிப் போடணும்னு வச்சிருந்தேன். பாத்தா கிளிப்பு இருந்த இடத்துல சிவப்பு டேப்பு. பிரிக்கத் தோதா நுனியை மடிச்சு வேற விட்டிருக்கு. இந்த வீட்டுல அப்படி டேப்பு சுத்துறவர் ஒருத்தர்தானே?

உங்களைத் தப்பாத்தான் நினைச்சேன். குழந்தைகிட்டயா கேட்டு வாங்கித் திங்குறார் மனுஷன்னு எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. அதான் கேக்குறேன், பாப்பா என்ன சொல்லி டப்பாவைக் குடுத்தா?

அம்மா குடுத்து விட்டாங்கன்னா?

தினமுமா?

ஓ... என் மகளுக்குக் கோவம் தணிஞ்சுட்டு வருது, வாயத் திறந்து கூப்பிடட்டும்னு நீங்க அங்க உக்காந்திருக்கீங்க. அதான் டப்பாவை அவ்வளவு பளபளன்னு கழுவி அனுப்புனீங்களா? சரிதான்.

அவ அம்மாவுக்கு இது ஒண்ணுமே தெரியாது மாப்பிள்ளை. தெரிஞ்சிருந்தா அனுப்பியிருப்பாளா மாட்டாளா, அதை எட்டு மணிக்கு நீங்களே கேட்டுக்குங்க. நானே உங்களுக்குத் தனியா ஒரு டப்பா கட்டியிருக்கலாம். அப்புறம் நீங்க அங்கயே இருந்துடுவீங்க. இத்தனை நாளா நீங்க சாப்பிட்டது பாப்பாவோட சாப்பாடு. அவ காய் பிடிக்காம பட்டினி கிடக்கலை.

அட, என்ன இது. மூஞ்சியைத் துடைங்க, படியில சத்தம் கேக்குது. அலமாரியில மேல உங்க தட்டு இருக்கு, கழுவித்தான் வச்சிருக்கேன், எடுத்துட்டு வாங்க. நீங்க இங்க உக்காந்து சாப்பிட்டாத்தான் பாப்பா தொண்டையில ஒரு வாய் சோறு இறங்கும்.

ஸ்விட்சா? அதுக்கு ஒரு கோளாறும் இல்லை. இருட்டிட்டு வருது, போடுங்க, எரியும்.