கறை போன கரண்டி

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் படகில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“மரக்கரண்டியில கறை போனதுதான் இப்ப கொழப்பமாப் போச்சு, சேச்சி,” என்றாள் இளையவள்.

“எப்படிப் போச்சு?”

“கல்லுப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ச்சு, வெயில்ல வச்சேன். ரெண்டு கரண்டியும் புதுசு மாதிரி ஆயிடுச்சு.”

“நல்லதுதானே?”

“என்ன நல்லது? சிவப்புக் கறை மீன்கறிக்கு, மஞ்சக் கறை சாம்பாருக்கு. மாமியார் மீன் தொட மாட்டாங்க. இப்ப எது எதுன்னே தெரியல.”

“மோந்து பாக்க வேண்டியதுதானே?”

“பாத்தேனே. ரெண்டுலயும் எலுமிச்சை மணம்தான்.”

“மாமியார்கிட்ட சொல்லிட்டியா?”

“எப்படிச் சொல்றது? என்னைக்கும் குத்தம் சொல்றவங்க, நேத்து சாம்பாரை ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.”