வாடிக்கரையை அளந்தவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் உலகப்பன் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை அவர்களே, ஆலயக் குருக்கள் அவர்களே, வாடிக்கரைக் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் நிக்கலஸ் அவர்களே, முன்வரிசையில் தலை குனிந்திருக்கும், இரத்தினசிங்கம் ஐயாவின் துணைவியார் எங்கள் அன்னபாக்கியம் அக்கா அவர்களே, கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் இத்தனை சோதனைச் சாவடிகளைத் தாண்டி இந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்த தாய்மாரே, பெரியோர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

இப்படி ஒவ்வொருவராக விளித்து வணக்கம் சொல்வது இரத்தினசிங்கம் ஐயாவுக்கு அறவே பிடிக்காது. "தில்லைநாதன், நீர் ஆக்களைக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள அவையள் வீட்ட போய்ப் படுத்திடுவினம்" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுவார். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். இன்றைக்கும் வேண்டுமென்றேதான் இழுத்து இழுத்துச் சொன்னேன். பின்னாலிருந்து அந்தக் குரல் வராதா என்று பார்த்தேன். வரவில்லை.

அவர் போய்விட்டார். போன செவ்வாய்க்கிழமை விடியும்போது களுபோவில ஆஸ்பத்திரியில் அவருடைய இருதயம் நின்றுவிட்டது. ஓய்வுபெற்ற நில அளவையாளர், கொட்டாஞ்சேனை முழுவதும் "சேவையர் ஐயா" என்று கூப்பிட்ட மனிதர், எங்கள் கரை பாதுகாப்புக் குழுவின் தலைவர், வேலணை பெற்றெடுத்த இரத்தினசிங்கம் ஐயா போய்விட்டார்! நான் மருந்துக்கடைக்காரன். எத்தனையோ பேருடைய சாவைக் கடைக்கு முன்னாலிருந்து பார்த்தவன். இந்தச் சாவை என்னால் தாங்க முடியவில்லை, ஐயா. மன்னித்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசுகிறேன்.

வெளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். முகத்துவாரத்தில் வாடிக்கரை என்று ஒரு துண்டுக் கடற்கரை இருக்கிறது. நிக்கலசின் ஆட்கள் அங்கே வள்ளம் இழுத்து வைக்கிறார்கள், கருவாடு காயப்போடுகிறார்கள். ஆடி அமாவாசைக்குத் தகப்பனை இழந்தவர்களும், சித்திராப் பௌர்ணமிக்குத் தாயை இழந்தவர்களும் அங்கேதான் தீர்த்தமாடி எள்ளும் தண்ணீரும் விடுகிறோம். முன்னென்றால் ஊரில், யாழ்ப்பாணத்தில், தீர்த்தமாடக் கீரிமலை இருந்தது. இன்றைக்கு அங்கே போகிற ஏ-ஒன்பது பாதை பூட்டு. கப்பலுக்கும் பிளேனுக்கும் அனுமதி கிடைத்தால்தான் ஊர். எங்களுடைய செத்தவர்களுக்கு எங்களிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு துண்டு மணல்தான்.

அந்த மணலில் வரிசையாகக் காற்றாலைக் கோபுரங்கள் நடப்போவதாக ஒரு நிறுவனம் வந்தது. நட்டால் மட்டும் போதாதாம். துறைமுகத்துக்குக் கிட்ட என்றபடியால் சுற்றிவர முள்ளுக்கம்பி அடித்துப் பாதுகாப்பு வலயமாக்க வேண்டுமாம். அதற்குப் பிறகு அங்கே வள்ளமும் வரக்கூடாது, மனிதனும் கால் வைக்கக்கூடாது!

ஐயா காற்றாலைக்கு எதிரியா? இல்லை! நூறு தரம் இல்லை! நிறுவனத்து இளைஞர் ஒருவர் வந்து, "அங்கிள், நீங்கள் படிச்ச ஆள், காற்றில கரண்ட் எடுக்கிறது நல்லதுதானே?" என்று கேட்டார். ஐயா சிரித்தார். "நல்லது தம்பி. நல்ல சாமான். நான் காற்று வேண்டாமெண்டு சொல்ல விசரனே? ஆனா என்ர வீட்டு சாமியறைக்குள்ள கொண்டுவந்து நடாதையும். அங்கால வெறுங்காணி எவ்வளவோ கிடக்கு, வாரும், நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்." காட்டவும் செய்தார். வெயிலில் அந்த இளைஞரைக் கூட்டிக்கொண்டு மட்டக்குளிப் பக்கமெல்லாம் நடந்தார். நிறுவனம் திரும்பியும் பார்க்கவில்லை.

எங்களுடைய முதல் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மண்டபம் எடுத்தோம், குத்துவிளக்கு வைத்தோம், தேவாரம் படித்தோம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை என்று அடுக்கினோம். பின்வரிசையில் கடற்றொழிலாளர்கள் பாவங்கள், கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். காற்றாலை என்ற சொல்லை யாரும் உச்சரிக்க முதலே அவர்களுக்குக் கடலுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. எழும்பிப் போய்விட்டார்கள். நாங்கள் எங்களுக்கு நாங்களே நன்றியுரை சொல்லிக்கொண்டு வடை சாப்பிட்டோம்!

அன்றைக்கு ஐயா எங்களைப் பேசிய பேச்சு! அடுத்த கூட்டத்தைப் போயா நாளில் வைத்தார். முழுநிலவுக்கு வலை போடுவதில்லை, வள்ளங்கள் கரையில் நிற்கும். புறக்கோட்டையில் கடைகள் பூட்டு, எங்களுக்கும் விடுமுறை. இடம் கருவாடு காய்கிற மணல். மேடையும் இல்லை, மாலையும் இல்லை. தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம், ஐயா தானே சொன்னார். அன்றுதான் குழு உண்மையில் தொடங்கியது. பீபி என்கிற அம்மா வீட்டிலிருந்து இடியப்பம் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். ஐயா அதைச் சாப்பிட்டுவிட்டு, "தில்லைநாதன், உம்மட வடையை விட இது திறம்" என்றார்.

அதற்குப் பிறகு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கப் புறப்பட்டோம். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசாவுக்குக் காத்திருக்கிற சனம் அறைக்கு அறை நிறைந்திருக்கிற வீடு. ஐயா கதவைத் தட்டினார். கையில் கடதாசி, சட்டைப் பையில் பேனை. வீட்டுக்காரி பாக்கியலெட்சுமி கதவைத் திறந்தார். ஐயாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை, கடதாசியை மட்டும் பார்த்தார். உள்ளே திரும்பி, "எல்லாரும் வாங்கோ, ஐசியைக் கொண்டு வாங்கோ" என்று கூப்பிட்டார். அடுத்த நிமிடம் கிழவரிலிருந்து குழந்தை வரை அத்தனை பேரும் வரிசையாக நிற்கிறார்கள்! ஒவ்வொருவர் கையிலும் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு. "நாங்கள் எல்லாரும் பதிஞ்சிட்டம் ஐயா. இந்தப் பிள்ளை மட்டும் முந்தநாள்தான் வந்தவ, நாளைக்குக் காலமை பதியிறம், கோவிக்காதேங்கோ ஐயா" என்று பாக்கியலெட்சுமி கும்பிட்டார்.

நாங்கள் கேட்கப் போனது என்ன, பொலிஸ் பதிவு பார்க்க வந்தவர்கள் என்று அந்தச் சனம் விளங்கிக்கொண்டது என்ன! எனக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி ஐயாவைப் பார்த்தேன். படிக்கட்டில் இருந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "இந்தச் சனத்திட்டயோ நான் இன்னுமொரு கையெழுத்துக் கேக்கிறது?" என்றார். கடதாசிகளைக் கிழித்து என்னுடைய கையில் தந்தார். அதற்குப் பிறகு யாருடைய வீட்டுக்கும் அவர் கடதாசியோடு போனதில்லை. வெறுங்கையோடு போவார், இருந்து தேத்தண்ணி குடிப்பார், நாட்டு நடப்பு எல்லாம் கதைப்பார். எழும்பும்போது, "ஆடி அமாவாசைக்குக் கரைக்கு வாங்கோ, கையெழுத்து வேண்டாம், அது காணும்" என்பார்.

வந்தார்கள்! ஈரவேட்டியும் ஈரச்சேலையுமாக அந்தக் கரை நிறைந்து நின்றதை நீங்கள் எல்லோரும் கண்டீர்கள். ஐயாவும் தகப்பனாருக்காக எங்களோடு கடலில் இறங்கினார். அவருடைய தாயாரும் அந்த வருடம்தான் ஊரில், வேலணையில் காலமானார். மகன் போக முடியவில்லை. பாதையும் இல்லை, அனுமதியும் இல்லை. பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்கக் கொடுத்து வைக்காத மகன். தொலைபேசியில் செய்தி கேட்ட அன்றைக்கு அவர் தனியே வாடிக்கரைக்குப் போய்த்தான் முழுகினார். இந்தக் கரையை ஏன் இப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று கேட்டவர்கள் உண்டு. வேறு எதைக் கட்டிப்பிடிப்பார், சொல்லுங்கள்?

இனி நான் சொல்லப்போவதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம் என்று உலகப்பன் ஐயா மேடையில் வைத்து என் காதில் சொன்னார். அவருக்கு எங்கள் மேலுள்ள அக்கறை. அதிகம் பேசவில்லை, ஐயா. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நிறுவனத்தின் வரைபடத்தில் வாடிக்கரை "வெறும் மணற்றரை" என்று போட்டிருந்தது. வள்ளமும் இல்லை, மீன்வாடியும் இல்லை, மனிதனும் இல்லை! வாழ்நாள் முழுக்க நிலம் அளந்த மனிதருக்கு இது பொறுக்குமா? அளவுநாடாவை எடுத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் கரைக்குப் போனார். ஒரு தொங்கலை நிக்கலஸ் பிடித்தார், மற்றத் தொங்கல் ஐயாவின் கையில். துறைமுகத்துக்குப் பக்கத்தில், இந்தக் காலத்தில், ஒரு தமிழன் அளவுநாடாவோடு நின்றால் என்ன நடக்கும் என்று நாங்கள் யாராவது யோசித்தோமா? அவர் யோசித்தாரா? சேவையர் அளக்கத்தானே செய்வான் என்று நினைத்துவிட்டார். சந்தேகத்தின் பேரில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நிக்கலஸ் சிங்களவர் என்றபடியால் அவரை அன்றைக்கே விட்டுவிட்டார்கள். ஐயாவை விடவில்லை. நிக்கலஸ் வீட்டுக்குப் போகாமல் பொலிசுக்கு முன்னாலேயே நின்றார். உள்ளேயிருந்து வந்த அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னார்: "சேர், அந்த நாடாவின்ட மற்றத் தொங்கலை நான்தான் புடிச்சேன். அவர் குற்றவாளி எண்டா நானும் குற்றவாளி. என்னையும் உள்ளுக்குப் போடுங்க." நிக்கலஸ், நீங்கள் மேடையில் முகத்தை மூடிக்கொண்டு இருக்கிறீர்கள். மூட வேண்டாம். எங்கள் இனத்தவர்கள் எத்தனையோ பேர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்த நேரத்தில் நீங்கள் அங்கே நின்றீர்கள். கரைப்பெண்கள் எல்லோரும் வந்து உங்களோடு ரோட்டோரத்தில் குந்தியிருந்தார்கள். இந்தச் சபை அதை மறக்காது.

கிழமைகள் கழித்துக் குற்றம் எதுவும் இல்லையென்று விட்டார்கள். வெளியே வந்தவர் பழைய ஆள் இல்லை. நடக்க மூச்சு வாங்கியது. அமைதியாக இருக்கட்டும் என்று அக்கா அவரைக் கிருலப்பனையில் தன்னுடைய தம்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் திங்கட்கிழமை வார்ட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும், "புதன்கிழமை ஆர் கதைக்கிறது?" என்று கேட்டார்.

எந்தப் புதன்? வருகிற புதன்தான். வாடிக்கரையைப் பற்றிய பகிரங்க விசாரணை வருகிற புதன்கிழமை காலையில் நடக்கிறது. ஆட்சேபிக்கிறவர் நேரில் வந்து எழுந்து நின்று, தன்னுடைய பெயரையும் விலாசத்தையும் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். ஒருவரும் எழும்பாவிட்டால், ஆட்சேபம் இல்லையென்று முடித்துவிடுவார்கள். அதோடு முள்ளுக்கம்பி வந்துவிடும். ஆறேழு மாதமாக நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தது ஐயா ஒருவரைத்தான். எல்லோருக்குமாகச் சேர்த்துத் தன்னுடைய ஒரு பெயரைக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அதனால்தான் நாங்கள் பயமில்லாமல் படுத்து நித்திரை கொண்டோம்.

"ஆர் கதைக்கிறது?" என்று கேட்டார். "நீங்கள்தான் அண்ணை" என்றேன். "ஓம், வேற ஆர்?" என்றார். கையை நீட்டி என்னுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் பலமே இல்லை. அடுத்த நாள் விடியும்போது போய்விட்டார்.

ஐயா! இரத்தினசிங்கம் ஐயா! எங்களை இப்படி விட்டுவிட்டுப் போகலாமா? யாரிடம் நாங்கள் ஏச்சு வாங்குவது? யாரை நம்பி அந்தக் கரைக்குப் போவது?

சபையோர்களே, இந்த இடத்தில் வாசிக்கும்படி என்னிடம் ஓர் அனுதாபத் தீர்மானம் எழுதித் தந்திருக்கிறார்கள். அன்னாரின் பணியை முன்னெடுத்துச் செல்வோம் என்று அழகான தமிழில் இருக்கிறது. வாசிக்க மாட்டேன். அழகான தமிழைப் புதன்கிழமை யாரும் கேட்கப் போவதில்லை. எழும்பி நிற்கிறவன் யார் என்றுதான் கேட்பார்கள்.

நான் எழும்புகிறேன். என்னுடைய பெயர் சிவபாதசுந்தரம் தில்லைநாதன். கொட்டாஞ்சேனைச் சந்தியில் மருந்துக்கடை, மேல்மாடியில் வீடு. பயமில்லையா என்று கேட்கிறீர்களா? பயம்தான். எனக்கும் கலியாணமாகாத இரண்டு குமர்ப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பெயர் தனியே நின்றால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டோம். ஒரு மனிதரை அப்படித் தனியே நிற்க விட்டோம். அடுத்த தடவையும் ஒருவர்தான் நிற்பதா?

அக்கா... அன்னபாக்கியம் அக்கா, நீங்கள் ஏன் எழும்புகிறீர்கள்? இருங்கள் அக்கா. தம்பி, அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்ன அக்கா? இல்லை, நீங்கள் இன்னும் முப்பத்தோராம் நாள் கிரியை கூட முடிக்கவில்லை, உங்களை நாங்கள்... சரி. சரி அக்கா. சத்தம் போடாதீர்கள், எல்லோரும் கொஞ்சம் அமைதியாக இருங்கள். அக்கா பேசுகிறார்.

கேட்டீர்களா? பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். "அன்னபாக்கியம் இரத்தினசிங்கம். விலாசம் அவற்ற விலாசம்தான். நான் புதன்கிழமை வாறன்." அப்படித்தான் சொன்னார்.

நிக்கலசும் எழும்பிவிட்டார். உலகப்பன் ஐயா, நீங்களுமா? மெதுவாக, ஐயா. அங்கே தூணோடு நிற்கிறது பாக்கியலெட்சுமி அல்லவா? முன்னுக்கு வாருங்கள் அம்மா, கையில் அடையாள அட்டை வேண்டாம். பெயர் மட்டும் சொன்னால் போதும். எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்லாதீர்கள், ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். அவசரமில்லை. நான் இங்கேயே நிற்கிறேன்.