சேற்றுக்கரையில் ஏழு

— ஏங்க, எண்ணியாச்சா? இல்ல தூங்கிட்டீங்களா?

— பைனாகுலரைப் பிடிச்சபடியே யாராவது தூங்குவாங்களா, டீச்சரம்மா?

— பரீட்சை ஹால்ல பேனாவைப் பிடிச்சபடியே தூங்கற புள்ளைங்களைப் பார்த்தவ நான். சரி, வழக்கம்போல நீங்களே முதல்ல சொல்லுங்க. எத்தனை?

— ஏழு.

— ஏழா? என்ன பறவை?

— உள்ளான்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் சேத்தைக் கொத்திட்டு வரிசையா நின்னுச்சுங்க. நீ எத்தனை போட்டே?

— நான் ஒண்ணும் போடல.

— கவனிக்கலையா?

— கவனிச்சுட்டுதான் இருக்கேன். தண்ணி இப்பத்தான் வடியுது. இன்னும் ஒரு பறவைகூட வந்து இறங்கலை.

— பறந்து போயிருக்கும்.

— இந்தப் பேனா எழுதலைன்னு அதோட தலையை டக்கு டக்குன்னு அழுத்திட்டிருந்தேன். ஒரு ஏழு தடவை இருக்கும்.

— ம்.

— என்ன, ம்? ஒவ்வொரு பறவைக்கும் நான் கையில இருக்கற எண்ணற கவுன்ட்டரை அழுத்தற சத்தத்தைக் கேட்டுத்தான் எண்ணறீங்களா?

— முப்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் பண்ண காது. அது பாட்டுக்கு எண்ணுது.

— காது கிடக்கட்டும். கண்ணு?

— ஓடை வரைக்கும் தெரியுது. அதுக்கப்பால எல்லாம் பாலை ஊத்தின மாதிரி இருக்கு. போன வருஷத்துல இருந்து.

— ஒரு வருஷமாவா? எங்கிட்ட சொல்றதுக்கென்ன?

— சொன்னா நீ சும்மா இருப்பியா? உடனே கணக்கெடுப்பு ஆபீசுக்கு எழுதிப் போட்டுருவே. ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணணும், ஒருத்தர் கணக்கை ஒருத்தர் பார்க்கக்கூடாது, அதுதானே அவங்க விதி. என் பேரை அடிச்சுட்டு உன்னோட வேற ஆளைச் சேர்த்துவிட்டா? ஞாயித்துக்கிழமை காலையில நான் வீட்டுல உக்காந்து சுவத்தையா பாக்கறது?

— வெறும் கண்புரைதாங்க. ஆபரேஷன் பண்ணா சரியாயிடும். அதுவரைக்கும் நான் வேற யாரோடயும் வரமாட்டேன், போதுமா?

— போதும். ஆனா ஒரு வருஷமா அனுப்பின கணக்கை என்ன செய்யறது?

— அதான் யோசிக்கறேன்.

— என்னோடதெல்லாம் செல்லாதுன்னு நானே எழுதிக் கொடுத்துடறேன். நீ எண்ணினது நிக்கட்டும். அதாச்சும் நிஜம்.

— ஏங்க, கோவிச்சுக்கக் கூடாது.

— எதுக்கு?

— இந்தக் கவுன்ட்டரை போன வருஷமே சேத்துல போட்டுட்டேன். கத்துவீங்கன்னு சொல்லல.

— அதுதான் நல்லா வேலை செய்யுதே. வாராவாரம் சத்தம் கேக்குதே எனக்கு.

— சத்தம் மட்டும்தாங்க வருது. நம்பர் நகர்றதே இல்ல. ஆபீஸ்ல சந்தேகம் வரக்கூடாதுன்னு, நீங்க சொல்ற கணக்குல ரெண்டைக் கழிச்சுத்தான் நான் எழுதிட்டிருக்கேன்.